ட்ரூவில் கடற்கரை, 1870: சாயத்துக்குள் மணல் வந்த கதை

லண்டன் நேஷனல் கேலரியில் 3951 என்று எண்ணிட்ட ஓவியம் ஒன்று இருக்கிறது. உயரம் சுமார் 38 சென்டிமீட்டர், அகலம் சுமார் 46. செய்தித்தாளின் ஒரு பக்கத்தைவிடச் சற்றே சிறியது. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துவிடலாம். பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனே 1870 கோடையில் வரைந்த ‘ட்ரூவில் கடற்கரை’ இதுதான்.

இரண்டு பெண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இடப்பக்கம் இருப்பவர் வெள்ளை உடை உடுத்தியிருக்கிறார். தொப்பியில் பூ, கையில் குடை. வலப்பக்கம் இருப்பவர் இருண்ட உடையில், குடைக்குக் கீழே தலை குனிந்து எதையோ வாசிப்பதுபோல் இருக்கிறார். நடுவில் ஒரு காலி நாற்காலி. பின்னால் நிற்பவர்களும் நடப்பவர்களும் வெறும் தீற்றல்கள். கடற்கரை ஓவியம் என்றுதான் பெயர்; கடலுக்குக் கிடைத்த இடம் கொஞ்சம். வானத்துக்கும் உடைக்குமே பெரும்பங்கு போய்விட்டது. வெள்ளை உடைக்காரரின் முகத்தைக் கிட்டே போய்ப் பார்த்தால் முகமே இல்லை. நிழல் விழுந்த இடத்தில் நாலைந்து தூரிகை வீச்சு, அவ்வளவுதான். நாலடி பின்னால் வந்தால் அதுவே ஒரு பெண்ணின் முகமாகிவிடுகிறது.

இந்தச் சாயத்துக்குள் மணல் இருக்கிறது. அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்தபோது மணல் துகள்களும் சிப்பித் துண்டுகளும் சாயப் படலத்தில் புதைந்து கிடந்தன. 1990இல் நேஷனல் கேலரி தன்னிடமுள்ள இம்ப்ரெஷனிச ஓவியங்கள் (கணநேர ஒளியை விரைந்த தீற்றல்களில் பிடிக்கும் மோனே காலத்துப் பாணி) எப்படி உருவாயின என்று விரிவாக ஆராய்ந்து ஒரு கண்காட்சி நடத்தியது. அதிலிருந்து இந்த மணல் பிரபலமாகிவிட்டது. வழிகாட்டிகள் சொல்கிறார்கள், பாடநூல்களில் வருகிறது: “மோனே கடற்கரையிலேயே உட்கார்ந்து வரைந்தார், இதோ சாட்சி!”

எனக்கு இந்தச் சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்ய ஆசை. மணல் பொய் சொல்லாது, சரி. ஆனால் அது சொல்லாததையும் சேர்த்து அதன் வாயில் போடுகிறோமோ என்று ஒரு சந்தேகம்.

அந்தக் கோடை

முதலில் ஆட்களையும் இடத்தையும் பார்த்துவிடுவோம். நார்மண்டிக் கரையில் தூக் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது ட்ரூவில். ஆற்றுக்கு மறுகரையில் தோவில். 1863இல் ரயில் வந்ததும் பாரிஸ் பணக்காரர்களுக்கு இது கோடை வாசஸ்தலமாகிவிட்டது. கடற்கரைக்கு வருவது வெயில் காய்வதற்கு அல்ல. தோல் கறுக்கக் கூடாது என்பதால்தான் இந்தத் தொப்பியும் குடையும் கழுத்துவரை மூடிய உடையும். நாகரிக உடை உடுத்திக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பதே பொழுதுபோக்கு.

இந்தக் கூட்டத்தை முதலில் வரைந்து பேர் வாங்கியவர் எஜேன் பூதேன். பக்கத்து ஓன்ஃப்ளரில் பிறந்தவர். பதின்பருவத்து மோனேயை லு ஆவ்ர் நகரில் பிடித்து, வீட்டுக்குள் அடைந்து கிடக்காதே, வெளியே வந்து வரை என்று இழுத்துப்போனவரும் இவரே. 1860களின் தொடக்கத்திலிருந்து பூதேன் ட்ரூவில் கரையின் சீமாட்டிகளை வரிசை வரிசையாக வரைந்துகொண்டிருந்தார். அவர் ஓவியங்களில் ஆட்கள் தூரத்தில் சின்னதாக இருப்பார்கள். மேலே பெரிய வானம்.

1870 ஜூன் 28 அன்று மோனேக்கும் காமில் தோன்சியூவுக்கும் பாரிஸில் பதிவுத் திருமணம் நடந்தது. சாட்சிகளில் ஒருவர் ஓவியர் கூர்பே. மணமக்களுக்கு அப்போதே ஒரு மகன் இருந்தான். பெயர் ஜான், 1867 ஆகஸ்ட் 8இல் பிறந்தவன். அந்த வசந்தத்தில்தான் பாரிஸ் சலோன் கண்காட்சியின் நடுவர் குழு மோனேயின் ஓவியங்களைத் திருப்பி அனுப்பியிருந்தது. அதை எதிர்த்துக் குழுவிலிருந்து விலகியவர் மூத்த ஓவியர் தோபின்யி. ஜூலையில் மோனேயின் அத்தை லெகாத்ர் இறந்தார். 1860களின் தொடக்கத்தில் மோனே ராணுவச் சேவைக்காக அல்ஜீரியா போனபோது பணம் கட்டி மீட்டெடுத்தவர் அவர்தான். ஜூலை 19 அன்று மூன்றாம் நெப்போலியனின் அரசு பிரஷ்யாவின் மீது போர் அறிவித்தது.

இவ்வளவுக்கும் நடுவே புதுமணத் தம்பதி குழந்தையோடு ட்ரூவிலுக்கு வந்தார்கள். கரையோரத்து ரோஷ் நுவார் ஓட்டல் பெருந்தனக்காரர்களுக்கானது. கொடிகள் படபடக்கும் அதன் முகப்பை மோனே வரைந்தார், அந்த ஓவியம் இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் தங்கியது திவோலி என்ற எளிய விடுதியில். கையில் காசில்லாத ஓவியனுக்குப் பெரிய ஓட்டலை வெளியிலிருந்து வரைய மட்டும்தானே முடியும்.

அந்தச் சில வாரங்களில் கடற்கரைக் காட்சிகளாக மட்டும் ஐந்து வரைந்தார். சிலவற்றில் காமில் தனியாக இருக்கிறார். ஒன்று யேல் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாரிஸின் மர்மோத்தான் அருங்காட்சியகத்தில் இருப்பது இன்னும் சிறிய ஒரு துண்டு. நம் ஓவியத்தை நேஷனல் கேலரி 1924இல் வாங்கியது, ஜவுளித் தொழிலதிபர் சாமுவேல் கோர்ட்டால்ட் கொடுத்த நிதியிலிருந்து.

மணல் உள்ளே வந்த வழிகள்

கடற்கரையில் உட்கார்ந்து சுண்டல் தின்ற எவருக்கும் முதல் பதில் தெரியும்: காற்று. பொட்டலத்துக்குள் மணலைக் கொண்டுவந்து சேர்க்காமல் அது விடாது. ஈரச் சாயம் பூசிய துணியை அந்தக் காற்றில் நிறுத்தினால் ஒட்டத்தான் செய்யும்.

ஆனால் சிப்பித் துண்டுகளும் இருக்கின்றன. பொடி மணலைக் கிளப்பும் காற்று சிப்பித் துண்டைக் கிளப்ப இன்னும் பலமாக வீச வேண்டும். நொறுங்கிப் பொடியான சிப்பி என்றால் பறக்கும்தான். ஆக, காற்றை நிரபராதி என்று விட்டுவிடவும் முடியாது, அதன் மேல் மட்டுமே பழியைப் போடவும் முடியாது.

இரண்டாவது, துணி கீழே விழுந்திருக்கலாம். அல்லது வேலை முடிந்து தூக்கிக்கொண்டு வரும்போது மணலில் உரசியிருக்கலாம். ஈரமான ஓவியத்தைச் சுமந்துகொண்டு நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், சட்டையில் பாதி வந்துவிடும். மூன்றாவது, தூரிகையிலும் சாயத்தட்டிலும் ஏற்கனவே இருந்த மணல். நாலாவது வாய்ப்புதான் வழிகாட்டிகளுக்குப் பிடிக்காதது: விடுதி அறையில் ஒட்டியிருக்கலாம். எண்ணெய்ச் சாயம் உடனே காயாது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே நாள்கணக்கில் ஆகும். கடற்கரைக்கு வந்த குடும்பத்தின் காலணியிலும் பாவாடை ஓரத்திலும் எவ்வளவு மணல் அறைக்குள் வந்து சேரும் என்று சொல்லத் தேவையில்லை.

ஐந்தாவதாக, வேண்டுமென்றே கலந்தது என்று ஒரு வாதம் வைக்கலாம். பிரெஞ்சு ஓவியர் பிராக் 1912 வாக்கில் சாயத்தில் மணலைக் கலந்து சொரசொரப்பு உண்டாக்கினார். ஆனால் அது நாற்பதாண்டு கழித்து, வேறொரு நோக்கத்துக்காக நடந்த காரியம். 1870இல் மோனே அப்படிச் செய்ய ஒரு காரணமும் இல்லை. இந்த வாதத்தைத் தள்ளிவிடலாம்.

இவற்றில் எது உண்மை என்பதற்குத் துகளின் ஆழம்தான் முக்கியம். காய்ந்துகொண்டிருக்கும் மேற்பரப்பில் மட்டும் மணல் ஒட்டியிருந்தால் அது பிறகு வந்ததாகவும் இருக்கலாம். படலத்துக்குள்ளேயே புதைந்து, சாயம் அதைச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தால், சாயம் குழைவாக இருந்த நேரத்தில் அது அங்கே இருந்திருக்கிறது. ட்ரூவில் ஓவியத்தில் இருப்பது புதைந்த மணல். விடுதி அறை வாதத்தை இது முற்றாக ஒழிக்காது, ஆனால் பின்வரிசைக்குத் தள்ளிவிடுகிறது. துணி கடற்கரையில் இருந்தது, ஈரத்தோடு இருந்தது. இதுவரை நான் ஒப்புக்கொள்கிறேன்.

பக்கத்து வழக்குகள் இரண்டு

மணலோ பூச்சியோ ஓவியத்தில் சிக்கினால் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு இரண்டு நல்ல ஒப்பீடுகள் இருக்கின்றன. இரண்டுமே டச்சு ஓவியர் வான்கோவுடையவை.

1882இல் அவர் ஹேக் நகருக்குப் பக்கத்து ஸ்கெவெனிங்கன் கரையில் புயற்காற்றில் கடலை வரைந்தார். தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில், நிற்க முடியாத காற்று, பறக்கும் மணல் சாயத்தில் அப்பிக்கொண்டது, இரண்டு முறை சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று என்று புலம்பியிருக்கிறார். அந்த ஓவியத்தில் இன்றும் மணல் இருக்கிறது. (2002இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்திலிருந்து திருடுபோய், 2016இல் இத்தாலியில் கிடைத்த ஓவியம் அது.) அங்கே மணலும் கடிதமும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன. கடிதம் இல்லாமல் மணல் மட்டும் இருந்திருந்தால் ‘இரண்டு முறை’ என்பது நமக்குத் தெரிந்தே இருக்காது.

இரண்டாவது வழக்கு இன்னும் சுவாரசியம். அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்திலுள்ள, 1889இல் வரைந்த ‘ஒலிவ மரங்கள்’ ஓவியத்தில் ஒரு வெட்டுக்கிளி ஒட்டிக்கொண்டிருப்பதை 2017இல் கண்டுபிடித்தார்கள். எல்லோருக்கும் உற்சாகம். எந்தப் பருவத்தில், எந்த மாதத்தில் வரைந்தார் என்று அந்தப் பூச்சியை வைத்தே சொல்லிவிடலாம் அல்லவா? தொல்பூச்சி வல்லுநர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் பார்த்துவிட்டுச் சொன்னது: மார்புப் பகுதியும் வயிறும் காணோம், சுற்றியுள்ள சாயத்தில் அது துடித்த தடமும் இல்லை, ஆகவே இது செத்த பிறகே வந்து விழுந்திருக்கிறது. செத்த பூச்சி எந்த மாதத்திலும் பறந்து வந்து விழலாம். உற்சாகம் அங்கேயே அடங்கிவிட்டது.

நம் மணலும் இப்படித்தான். இடத்தைச் சொல்லும், நேரத்தைச் சொல்லாது. “ஒரே மூச்சில் வரைந்து முடித்தார்” என்று அதை வைத்துச் சொல்வது செத்த வெட்டுக்கிளியிடம் தேதி கேட்பதுபோல்.

வேகத்துக்கு வேறு சாட்சி

வேகமாக வரைந்தாரா என்பதற்கு நல்ல சாட்சி தூரிகைத் தடத்தில் இருக்கிறது. உடையின் வெள்ளையைப் பாருங்கள். கட்டியான வெள்ளைச் சாயத்தை அகலத் தூரிகையில் அள்ளி இழுத்திருக்கிறார். உலோகப் பட்டையில் கட்டிய தட்டைத் தூரிகைகள் அந்த நூற்றாண்டின் வரவு. பழைய உருண்டைத் தூரிகையில் இப்படிப் பட்டைப் பட்டையாக இழுக்க வராது. ஒரு நிறம் காயும் முன்பே அடுத்த நிறத்தை அதன்மேல் வைத்திருப்பதால் ஓரங்களில் ஒன்றை ஒன்று இழுத்துக் கலங்கியிருக்கின்றன. சில இடங்களில் துணியின் அடிப்பூச்சை மூடாமல் அப்படியே விட்டிருக்கிறார். அதுவே ஒரு நிறமாக வேலை செய்கிறது. நாள் விட்டு நாள் வந்து திருத்துகிற ஆள் பெரும்பாலும் இப்படி விட்டுவைக்க மாட்டார். கை அரிக்கும்.

துணியின் அளவும் ஒரு சாட்சி. பிரெஞ்சுச் சாயக் கடைகளில் சட்டமடித்து, அடிப்பூச்சுப் பூசி, எண்ணிட்டு விற்கும் துணிகளில் 46க்கு 38 சென்டிமீட்டர் என்பது 8ஆம் எண். யேலில் உள்ள காமில் ஓவியமும் ஏறக்குறைய அதே அளவுதான். கடையில் கிடைப்பது, பெட்டியில் அடங்குவது, தூக்க எளிதானது. 1841இல் அமெரிக்க ஓவியர் ஜான் காஃப் ராண்ட் கண்டுபிடித்த தகரக் குழாய் இல்லாவிட்டால் சாயத்தையும் இப்படித் தூக்கிக்கொண்டு அலைந்திருக்க முடியாது. அதற்கு முன்பு பன்றியின் சிறுநீர்ப்பையில் அடைத்து வைப்பார்கள், திறந்தால் சீக்கிரம் கெட்டியாகிவிடும். 1866இல் தோட்டத்துப் பெண்களை வெளியிலேயே வரைகிறேன் என்று இரண்டரை மீட்டர் உயரத் துணியைக் கட்டி, அதை ஏற்றி இறக்கத் தரையில் பள்ளம் தோண்டிய அதே மோனே, நாலு வருடத்தில் இந்தச் சின்ன அளவுக்கு வந்திருந்தார். பள்ளம் தோண்டிய அனுபவம் போதும் என்று தோன்றியிருக்கும்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் இந்த ஓவியத்தின் பெரும்பகுதி ஒரே அமர்வில், கரையிலேயே முடிந்திருக்கும் என்று நம்ப நல்ல காரணம் இருக்கிறது. முழுவதும் அப்படித்தானா என்று கேட்டால் நான் சத்தியம் செய்ய மாட்டேன். மோனே தன்னைப் பற்றிச் சொன்னவற்றை ஒரு சிட்டிகை உப்போடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 1880இல் பேட்டி காண வந்த பத்திரிகையாளரிடம், எனக்கென்று ஓவியக்கூடமே கிடையாது, இதுதான் என் கூடம் என்று சேன் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார். அதே மனிதர் பிற்காலத்தில் லண்டன் தேம்ஸ் வரிசையை 1899 முதல் 1901 வரை அங்கே தொடங்கி, ஜிவெர்னியில் வீட்டுக்குள் வைத்து மாற்றி மாற்றித் தீட்டி, 1904இல்தான் வெளியே விட்டார். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. வெளியில் வரைந்தால்தான் உண்மை, உள்ளே திருத்தினால் மோசடி என்ற கணக்கு நாம் போட்டது. அவரும் அதை வளர்த்துவிட்டார்.

யார் அந்த இருவர்?

வெள்ளை உடையில் இருப்பவர் காமில் என்பதைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளலாம். முகத்தை வைத்து அல்ல, முகம்தான் இல்லையே. அதே கோடையின் மற்ற ஓவியங்களோடு ஒப்பிட்டும், மோனேக்கு அவ்வளவு பக்கத்தில் அமைதியாக உட்காரக்கூடியவர் யார் என்று பார்த்தும் வரும் முடிவு அது.

இருண்ட உடைக்காரர் பூதேனின் மனைவி மரி-ஆன் என்று பலரும் கருதுகிறார்கள். பூதேன் தம்பதி அந்தக் கோடையில் ட்ரூவிலில் இருந்தார்கள், மோனே குடும்பத்தோடு பழகினார்கள். அதற்கு மேல் ஆதாரம் மெலிந்துவிடுகிறது.

வெள்ளையையும் கறுப்பையும் வைத்துப் பெரிய கதைகள் கட்டுகிறவர்களும் உண்டு. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, நடுவில் காலி நாற்காலி, வெளியே போர், ஆகவே இது பிரிவின் ஓவியம், வரப்போகும் துக்கத்தின் நிழல் என்று. செப்டம்பர் 2இல் சேதானில் பிரெஞ்சுப் படை வீழ்ந்தது. அந்த இலையுதிர் காலத்தில் மோனே லண்டனுக்குப் போய்விட்டார். நவம்பரில் அவருடைய நண்பர் பசீல் போர்க்களத்தில் மடிந்தார். ஒன்பது வருடம் கழித்து, 1879 செப்டம்பர் 5 அன்று, காமில் 32 வயதில் வெத்தேயில் இறந்தார். மரணப் படுக்கையில் கிடந்த அவரையும் மோனே வரைந்தார். இவ்வளவும் தெரிந்த பிறகு இந்த ஓவியத்தில் துக்கத்தைப் பார்க்காமல் இருப்பது கஷ்டம்தான். ஆனால் அந்தத் துக்கம் நாம் கொண்டுவந்தது. கடற்கரையில் ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசாமல் இருப்பது உலக வழக்கம்.

காலி நாற்காலி பற்றி ஒன்று சொல்லலாம். அதன் முதுகில் ஏதோ ஒன்று தொங்குகிறது. குழந்தையின் கடற்கரைக் காலணி என்று பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மூன்று தீற்றல்தான். நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஒரு கடிதம்

1897இல், கடைசிக் காலத்தில், பூதேன் மோனேக்கு ஒரு கடிதம் எழுதினார். திவோலி விடுதியில் உங்களையும் பாவம் காமிலையும் இன்னும் கண்முன் பார்க்கிறேன் என்று தொடங்கி, அந்தக் காலத்தில் கரையில் போட்ட ஒரு கோட்டோவியத்தைப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்கிறார். அதில் வெள்ளை உடையில் மூன்று பெண்கள். இருவரைச் சாவு கொண்டுபோய்விட்டது, என் மரி-ஆனையும் உங்கள் மனைவியையும் என்கிறார்.

கவனியுங்கள், மரி-ஆனும் வெள்ளையில். இருண்ட உடைக்காரர் அவர்தான் என்ற வாதத்துக்கு இது உதவவில்லை. மறுக்கவும் போதாது, கோடை முழுக்க ஒரே உடையில் யார் இருப்பார்?

எனக்கு முக்கியமாகப் படுவது கடிதத்தின் அடுத்த வரி. குட்டி ஜான் மணலில் விளையாடுகிறான், அப்பா கையில் வரைபலகையோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார் என்று பூதேன் விவரிக்கிறார். நாற்காலியில் அல்ல, நின்றுகொண்டு அல்ல. மணல்மேல்.

மணல் வந்த வழிகள் என்று நான் மேலே ஐந்து சொன்னேன். ஆறாவதை விட்டுவிட்டேன். மூன்று வயது நிரம்புகிற நேரம், காலணியை எங்கோ கழற்றிப் போட்டுவிட்டு, கைநிறைய மணலோடு, தரையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் ஈரத் துணிக்குப் பக்கத்தில் ஒரு பையன் இருந்திருக்கிறான். சிப்பித் துண்டுக்கும் அவன் போதும். இதை நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டில் அந்த வயதில் ஒரு பிள்ளை இருப்பவர்கள் காற்றை முதல் குற்றவாளியாக நிறுத்தமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.